வாசகர் கேள்வி: பிளாட்பெட் ஓடப் போகிறேன், மச்சான் சொல்லும் வேலையை எடுக்கலாமா?

ஸ்காபரோவிலிருந்து 39 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பன்னிரண்டு வருடம் வெயர்ஹவுஸில் வேலை செய்தவர். போன வருடம் ஏசட் லைசன்ஸ் (ட்ரெயிலர் ட்ரக்குக்குரிய ஏ லைசன்ஸ், காற்றுப் பிரேக் அனுமதியோடு) எடுத்து, ஐந்து மாதமாக ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில் பெட்டி ட்ரெயிலர் ஓடுகிறார். இப்போது பிளாட்பெட்டுக்கு, அதாவது சுவரும் கூரையும் இல்லாத திறந்த தட்டு ட்ரெயிலருக்கு, மாற ஆசை. இரண்டு வேலைகள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, மனைவியின் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு சிறிய கொம்பனி. ஹமில்ற்றனில் உருக்கு ஏற்றிக் கியூபெக்கில் இறக்கி, திரும்பும்போது மரம் கொண்டுவர வேண்டும். "சொந்தமாக ஒரு கோர்ப்பரேஷன் திற. வரி பிடிக்காமல் முழுக்காசும் கைக்கு வரும். ஒருநாள் கூட வந்து காட்டித் தருவார்கள், அடுத்த திங்கள் தனியாக ஓடலாம்" என்கிறார் மச்சான். மற்றது, கொஞ்சம் பெரிய கொம்பனி. மைலுக்குக் காசு குறைவு, ஆனால் பேரோலில், அதாவது வரி பிடித்துச் சம்பளம் தரும் ஊழியராக, எடுக்கிறார்கள். ஆறு கிழமை பயிற்சியாளரோடு ஓட வேண்டும். ஒரு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவு 6,000 டொலரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அவருடைய கேள்விகளை அவருடைய சொற்களிலேயே தருகிறேன். "பெட்டி ஓடுபவனுக்குப் பிளாட்பெட் ஓட ஆறு கிழமை பயிற்சி எதற்கு? ஸ்ட்ராப் (பாரம் கட்டும் பட்டி) போடுவதை வீடியோ பார்த்தே பழகிவிட்டேன். ஏற்றுவது உருக்காலைக்காரர். பாரம் சரிந்தால் அவர்கள்தானே பொறுப்பு? கோர்ப்பரேஷன் என்று கையெழுத்துப் போட்டால் பிறகு முறையிட முடியாது என்கிறார்களே, உண்மையா? எனக்குச் சிட்டிசன்ஷிப் இல்லை, பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) மட்டும்தான். அமெரிக்கா ஓடலாமா? வலது தோள் கொஞ்சம் நோ, அதுவும் யோசனையாக இருக்கிறது."

அன்புள்ள தம்பி,

நான் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர். ட்ரக் ஓடியதில்லை, ஆனால் ட்ரக் ஓடுபவர்கள் பலர் என் மேசைக்கு முன்னால் அமர்ந்து பேசியிருக்கிறார்கள். அந்த மேசையில் மஞ்சள் நிற ஸ்ட்ராப் துண்டொன்று இருக்கிறது. நாலு அங்குல அகலம். ஒரு பக்கத்தில் கத்தியால் அறுத்தது போல நேராக ஒரு வெட்டு, மறுபக்கம் நூல்நூலாகப் பிய்ந்திருக்கும். உருக்குத் தகட்டின் விளிம்பில் காப்புக்கட்டை வைக்காமல் ஸ்ட்ராப்பை இறுக்கிய ஒரு புதுச் சாரதி கொண்டுவந்து தந்தது. நல்லவேளை, சோதனைச் சாவடியில் அதிகாரி கண்டுபிடித்தார், ரோட்டில் அறுந்து போகவில்லை. அந்தப் பையனும் "வீடியோ பார்த்தேன் அண்ணா" என்றுதான் சொன்னான்.

ஆகவே உங்கள் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

பூட்டிய பெட்டியும் திறந்த தட்டும்

ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல் ஏ லைசன்ஸ் எடுக்கக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். நீங்களும் அதை முடித்துத்தான் வந்திருக்கிறீர்கள். பாரம் கட்டுவதைப் பற்றி அதில் அடிப்படை சொல்லித் தருவார்கள். ஆனால் உருக்குச் சுருளையும் மரக்கட்டையும் கொங்கிறீற்றுக் குழாயையும் கையால் கட்டிப் பழக அந்த மணிநேரங்கள் போதாது. லைசன்ஸ் உங்களுக்குத் தருவது ஓட்டும் அனுமதி. பிளாட்பெட் தொழிலை அதற்குப் பிறகு, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

இப்போது நீங்கள் ஓடும் பெட்டி ட்ரெயிலரில் சீல் வைத்துக் கதவைப் பூட்டி, திறக்கக்கூடாது என்று சொல்லித் தந்தால், உள்ளே பாரம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் சோதிக்க வேண்டிய கடமைக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. பார்க்க முடியாததற்கு எப்படிப் பொறுப்பேற்பது? பிளாட்பெட்டில் அந்த விலக்கு கிடையாது. எல்லாம் உங்கள் கண்முன்னால் திறந்து கிடக்கிறது. உருக்காலைக்காரர் கிரேனால் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கட்டுவதும், சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும், பிழை என்றால் வண்டியை எடுக்க மறுப்பதும் உங்கள் வேலை. "ஏற்றியவர்தான் பொறுப்பு" என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொம்பனி மீதும் வழக்கு வரலாம், ஏற்றியவர் மீது நட்டஈட்டு வழக்கும் போடலாம். ஆனால் ரோட்டில் மறிக்கும் அதிகாரி முதலில் எழுதுவது ஓட்டியவர் பெயரைத்தான்.

கட்டுவதற்கான விதிகள் கனடா முழுவதற்கும் பொதுவான பத்தாம் இலக்கத் தேசியப் பாதுகாப்புத் தரத்தில் இருக்கின்றன. ஒன்ராறியோ அதைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 7.2 மீற்றர் நீளமும் 9,000 கிலோ நிறையும் உள்ள ஓர் உருக்குக் கட்டு, முன்னால் தடுப்பு எதுவும் இல்லாமல் தட்டில் கிடக்கிறது. கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் பாரத்தின் நிறையில் பாதியாவது இருக்க வேண்டும், அதாவது 4,500 கிலோ. நாலு அங்குல ஸ்ட்ராப் ஒன்றின் தாங்குதிறன் வழக்கமாக 2,450 கிலோ. அப்படியென்றால் இரண்டு ஸ்ட்ராப் போதும் என்று தோன்றும், இல்லையா? நீளத்துக்கு வேறு விதி இருக்கிறது. முதல் 3.04 மீற்றருக்கு இரண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 3.04 மீற்றருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று. ஆக நாலு வேண்டும். இரண்டு கணக்கும் போட்டு, எது கூடவோ அதைத்தான் எடுக்க வேண்டும். தனியாகவோ சேர்ந்தோ 2,268 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ள உலோகச் சுருள் என்றால் அதற்கென்று வேறு பாடமே இருக்கிறது. சுருளின் கண், அதாவது நடுத்துளை, மேலே பார்க்கிறதா, முன்னுக்குப் பார்க்கிறதா, பக்கவாட்டில் பார்க்கிறதா என்பதைப் பொறுத்துச் சங்கிலி போகும் வழி மாறும்.

கட்டியதோடு முடியாது. புறப்பட முன் ஒரு சோதனை, முதல் 80 கிலோமீற்றருக்குள் ஒரு சோதனை. ஹமில்ற்றனில் ஏற்றினால் உங்கள் ஸ்காபரோ வீட்டை எட்ட முன்பே இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் 3 மணி நேரம், 240 கிலோமீற்றர், கடமை நிலை மாறும் நேரம் (ஓட்டத்திலிருந்து ஓய்வுக்குப் போவது போல), இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போதெல்லாம் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த மரம் அமுங்கும், ஸ்ட்ராப் தளரும். வீடியோவில் யாரும் மூன்று மணி நேரம் கழித்து அதே ஸ்ட்ராப்பைக் காட்டுவதில்லை.

ஒரு தறப்பாள்

இதை எழுத எனக்கே மனம் வரவில்லை, ஆனால் உங்களிடம் சொல்லாமல் விட முடியாது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் ப்ரொன்கோஸ் என்ற இளைஞர் ஹொக்கி அணியின் பஸ், ட்ரக் ஒன்றோடு மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த ட்ரக் இரண்டு ட்ரெயிலர்களில் பீற் மொஸ் கட்டுகளைத் தறப்பாளால் மூடிக் கொண்டு போனது. ஓட்டியவர் வேலைக்குச் சேர்ந்து சில கிழமைகள்தான். குடிக்கவில்லை, கைத்தொலைபேசி பார்க்கவில்லை. பின்னால் படபடத்த தறப்பாளில் கவனம் போய்விட்டது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நிறுத்தற் குறியைக் கவனிக்காமல் சந்திக்குள் போய்விட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019இல் எட்டு வருடச் சிறை.

அவரும் உங்களைப் போலப் பி.ஆர். மட்டும் வைத்திருந்தவர். 2024 மே மாதம் அவரை நாடுகடத்த ஆணை பிறப்பிக்கப்பட்டது. பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெறும் பி.ஆர்.காரருக்கு வதிவுரிமையே கேள்விக்குறியாகும் என்பதை ட்ரக் ஓடும் எங்கள் பிள்ளைகளில் பலர் யோசிப்பதில்லை. சிட்டிசன்ஷிப்புக்குத் தகுதி வந்திருந்தால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தறப்பாள் காற்றில் தளர்ந்தால் எப்படி, எங்கே நிறுத்தி, எந்த முனையை முதலில் பிடிப்பது என்று ஒரு பழைய சாரதி பக்கத்தில் இருந்து காட்டித் தரும் ஆறு கிழமை எவ்வளவு பெறுமதியானது என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்கு இதைவிட வேறு பதில் தெரியவில்லை.

"நீயே முதலாளி" என்ற பேச்சு

மச்சான் சொல்லும் முறையை இங்கே ட்ரைவர் இன்க் என்பார்கள். ட்ரக் கொம்பனியுடையது, டீசல் கொம்பனியுடையது, எங்கே எப்போது போக வேண்டும் என்று சொல்வது கொம்பனியின் டிஸ்பாட்சர். உங்களிடம் இருப்பது ஒரு கோர்ப்பரேஷன் பெயரும் வங்கிக் கணக்கும் மட்டும். இப்படி இருந்தால் வரித்திணைக்களம் உங்களைத் தனிநபர் சேவை வணிகம் என்று பார்க்கும். சிறு வணிகத்துக்குரிய குறைந்த வரி கிடையாது. ஒன்ராறியோவில் 44.5 சதவீதம். கழிக்கக்கூடிய செலவுகளும் மிகக் குறைவு. இன்று கைக்கு வரும் "முழுக்காசு" இரண்டு மூன்று வருடம் கழித்து வட்டியோடு கடிதமாக வரும். அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தவர்களுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்து கொடுக்க முடிந்ததில்லை.

இன்னும் இருக்கிறது. உங்கள் கோர்ப்பரேஷனில் 40 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு உங்களிடம் இருந்தால், வேலை போனால் ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதிக் காசு கிடையாது. தட்டிலிருந்து விழுந்து தோள் உடைந்தால், டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற ஒன்ராறியோ வேலையிடக் காயக் காப்பை நீங்களே கேட்டு வாங்கியிருக்காவிட்டால் அதுவும் இல்லாமல் போகலாம். வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளாட்பெட்டில் சாரதிகள் காயப்படுவது ஓட்டும்போது மட்டும் இல்லை, ஏறி இறங்கிக் கட்டும்போதும்தான். அந்த வேலைக்குக் காப்பில்லாமல் போகச் சொல்ல என்னால் முடியாது.

"கையெழுத்துப் போட்டால் முறையிட முடியாது" என்பது பிழை. மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் கொம்பனிகளுக்குக் கனடா தொழிலாளர் சட்டக்கோவைதான் பொருந்தும். ஊழியரை ஊழியர் இல்லை என்று காட்டுவதை 2021 முதல் அது நேரடியாகத் தடை செய்கிறது. 2024 ஜூன் முதல், காசு வாங்கி வேலை செய்பவர் ஊழியர் என்றே முதலில் கருதப்படுவார். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது முதலாளி. சம்பளம் தராவிட்டால், தர வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் தொழில் திணைக்களத்துக்கு முறையிட வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டு வருபவர்கள்தான் அதிகம். சொந்தக்காரர் மூலம் கிடைத்த வேலை, எப்படிக் கேட்பது என்று பொறுத்துப் பொறுத்து நாள் போய்விடும்.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக, வழக்குப் போடத்தக்க வேலையில் தெரிந்துகொண்டே போய்ச் சேர வேண்டுமா?

பேரோல் கொம்பனியின் 6,000 டொலர்

இந்த ஒப்பந்தத்தைப் பார்த்தும் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை எல்லாமே செல்லாது என்றும் சொல்ல முடியாது, எல்லாமே செல்லும் என்றும் சொல்ல முடியாது. வாசகங்களைப் பொறுத்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று திருத்தம் கேட்பேன். மாதத்துக்கு மாதம் தொகை குறைய வேண்டும், ஆறு மாதம் ஓடியவரிடம் முழு 6,000 கேட்கக்கூடாது. கொம்பனியே வேலையை விட்டு நிறுத்தினால் ஒரு சதமும் கேட்கக்கூடாது. கடைசிச் சம்பளத்திலிருந்து எவ்வளவு கழிப்பார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நல்ல கொம்பனி இதற்குக் கோபிக்காது. கோபித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

தறப்பாள் கிழிந்தது, கண்ணாடி உடைந்தது என்று சம்பளத்தில் கழிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாராவது அந்தப் பொருளைக் கையாளக்கூடியதாக இருந்தால் அப்படிக் கழிக்கச் சட்டம் விடாது. யார்டில் பலர் கைபடும் ட்ரெயிலர் என்றால் இதை ஞாபகம் வைத்திருங்கள்.

மைலுக்குக் காசு குறைவு என்று கவலைப்படுகிறீர்கள். மைலை மட்டும் பார்க்காதீர்கள். பிளாட்பெட்டில் ஓடாத நேரம் அதிகம். ஏற்றக் காத்திருக்கும் நேரத்துக்கு என்ன, தறப்பாள் போட்டால் தனியாக எவ்வளவு, ஸ்ட்ராப்பும் சங்கிலியும் யார் வாங்குவது என்று கேளுங்கள். பேரோலில் விடுமுறைச் சம்பளம் வரும், வருடத்தில் பத்து நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்புச் சேரும், நெடுந்தூரச் சாரதிக்குக் கிழமைக்கு 60 மணிக்கு மேல் மேலதிக நேரக் காசும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டால் மச்சான் சொன்ன தொகைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி நீங்கள் நினைத்த அளவு இருக்காது.

தோளும் மறுக்கும் உரிமையும்

மரம் மூடும் பெரிய தறப்பாள் ஒன்று சுமார் 45 கிலோ இருக்கும். ஜனவரியில் ஈரம் உறைந்தால் இன்னும் கூடும், மடிக்கவே வராது. 46 வயதுக்குள் உங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் மருத்துவ அறிக்கை கேட்பார்கள். அதுவரை காத்திருக்காமல் இப்போதே குடும்ப வைத்தியரிடம் தோளைக் காட்டுங்கள். "நான் 45 கிலோ தூக்கித் தோளுக்கு மேல் எறிய வேண்டும்" என்று அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் பிளாட்பெட்டில் தறப்பாள் இல்லாத பாரம் மட்டும் ஓடும் கொம்பனி தேடலாம், அல்லது பெட்டியிலேயே இருக்கலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

நாலு மீற்றர் உயரப் பாரத்தின் மேல் பிடிமானம் இல்லாமல் ஏறச் சொன்னால் மறுக்கலாம். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை கனடா தொழிலாளர் சட்டக்கோவையின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. அதற்காகத் தண்டிப்பது குற்றம். வாகனத்தின் மேல் ஏறி வேலை செய்பவர் விழாமல் இருக்க என்ன வழி என்று ஆராய்ந்து பயிற்சி தருவது முதலாளியின் கடமை. நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: "உங்கள் யார்டில் தறப்பாள் போட மேடையோ பாதுகாப்புக் கயிறோ இருக்கிறதா?" பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள்.

எல்லை தாண்டுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டோடு பி.ஆர். மட்டும் இருந்தால் அமெரிக்கா ஓட விசா வேண்டும். அங்கே ஓரிடத்தில் ஏற்றி அங்கேயே இன்னோரிடத்தில் இறக்க அனுமதி இல்லை. போதைப்பொருள் சோதனை கட்டாயம், கனடாவில் கஞ்சா சட்டபூர்வம் என்பது அங்கே செல்லாது. 2025 ஜூன் கடைசியிலிருந்து, அதிகாரியோடு ஆங்கிலத்தில் பேசி வீதிக்குறிகளை விளங்கிக்கொள்ள முடியாத சாரதியை அந்த இடத்திலேயே வண்டி ஓடாமல் நிறுத்துகிறார்கள். முதல் வருடம் கனடாவுக்குள்ளேயே ஓடுங்கள். ஹமில்ற்றனிலிருந்து கியூபெக் வரை பழக வேண்டியது நிறையவே இருக்கிறது.

ஆக, என் அபிப்பிராயம் பேரோல் கொம்பனி, அதுவும் வைத்தியர் சரி என்ற பிறகு, ஒப்பந்தத்தில் திருத்தம் வந்த பிறகு. கையெழுத்திட முன் அந்தப் பக்கங்களை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ சமூகச் சட்ட உதவி நிலையத்திலோ நேரில் காட்டுங்கள். நான் ஒப்பந்தத்தைப் பார்க்காமல், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மச்சானிடம் என்ன சொல்வது என்பதுதான் கடிதத்தின் கடைசி வரியில் உங்களுக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. அவர் உங்கள் நன்மைக்காகவே பேசியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரோடு வாதாட வேண்டாம். "அண்ணா, எனக்கு இன்னும் கட்டப் பழக்கமில்லை. ஒரு வருடம் பழகிவிட்டு வருகிறேன். அப்போது பேரோலில் எடுப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.